இந்நூலில் மரணம் இல்லை எனச் சான்றளிக்கிறேன்

பதினெட்டு வருஷ ஆசிரியர் வேலையில் நான் எழுதிக் கொடுக்காத சான்று இல்லை. பையன் நன்னடத்தை உள்ளவன் என்று எழுதியிருக்கிறேன், அவன் என் ஸ்கூட்டியின் காற்றைப் பிடுங்கிவிட்ட அதே வாரத்தில். ஆனால் ஒரு கதைப் புத்தகத்தில் யாரும் சாகவில்லை என்று கையெழுத்துப் போட்டு, அதன்மேல் தலைமையாசிரியரின் முத்திரையும் வாங்கிய ஒரே ஆங்கில ஆசிரியை இந்தப் பெரம்பலூர் மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

நான் வேலை பார்ப்பது வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளி. அந்த ஊர்க்காரர்கள் ஒரு வருஷம் எங்களுக்குக் கல்விச் சீர் கொண்டுவருவது என்று முடிவு செய்தார்கள். கல்யாண வீட்டுக்குத் தாய்மாமன் சீர் வருகிற மாதிரியேதான். கோயிலில் கூடி, தட்டுகளில் பழம், பூ, வெற்றிலை பாக்கு, கூடவே பள்ளிக்கு வேண்டிய பீரோ, ஃபேன், நாற்காலி, புத்தகம் எல்லாம் சுமந்து, மேளத்தோடு ஊர்வலமாக வந்து கொடுப்பார்கள். பள்ளி வாசலில் ஆரத்தி எடுத்து நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த ஊரில் பிறந்து, எங்கோ ஒரு குளிர் நாட்டில் இன்ஜினியராக இருப்பவர் ஒருவர். அவர் சீருக்கென்று ஒரு பெரிய அட்டைப்பெட்டி அனுப்பினார். உள்ளே இருபத்து நான்கு புத்தகங்கள்.

"டீச்சர், அத்தனையும் பரிசு வாங்குன புக்குங்க" என்றார் போனில். "டச்சு, ஸ்வீடிஷ், போலிஷ், இன்னும் என்னென்னமோ பாஷையில சின்னப் புள்ளைங்களுக்கு எழுதுனது. எல்லாத்தையும் இங்கிலீஷ்ல போட்டிருக்காங்க. நம்ம புள்ளைங்களும் படிக்கட்டும்ங்க. சீர்த் தட்டுல வெச்சு ஜம்முன்னு எடுத்துட்டுப் போகணும்."

ஜம்மென்றுதான் இருந்தன. வழவழவென்று அட்டை, அட்டையில் தங்க நிறத்தில் வட்ட வட்டமாகப் பரிசு முத்திரைகள். எங்கள் ஹெச்.எம். ஒன்றை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினார். அவர் நல்ல மனிதர், ஆனால் எதிலும் ஒரு ஆடிட் வரும் என்று பயந்தே வாழ்கிறவர்.

"என்ன மேடம், வேற பாஷையிலேருந்து எடுத்ததுன்னு போட்டிருக்கே? அப்ப இது ஒரிஜினல் இல்லையா?"

"மொழிபெயர்ப்பு சார்."

"அதான் கேக்குறேன். டூப்ளிகேட்டுக்கா பரிசு குடுப்பாங்க?"

தலையில் அடித்துக்கொண்டேன், மனசுக்குள்தான். பெட்டியை ஸ்கூட்டியின் முன்னால் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். சீருக்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். என் வாயை நான் கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். குழுத் தலைவி ஊரில் சின்ன வெங்காயம் போடுகிற ஒரு அம்மா. அவருடைய மகளும் என் மகளும் எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. புத்தகமெல்லாம் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். நான் பெரிய மேதாவி மாதிரி, "ரொம்ப அருமைங்க. ஒரு பொண்ணோட தாத்தா செத்துப் போயிட்டாரு, அதை எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க தெரியுமா?" என்றேன்.

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

"சாவா?" என்றார் தலைவி. "சீர்த் தட்டுலயா டீச்சர்? பூவும் பழமும் வெக்கிற தட்டுல எளவு வூட்டையா தூக்கிட்டு வரச் சொல்றீங்க?"

"அது கதைங்க."

"கதையோ கிதையோ, சாவு சாவுதான. நாளைக்கே ஊருல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

ஹெச்.எம். உடனே கட்சி மாறினார். பதில் சொல்ல வேண்டி வரும் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவர் எந்தப் பக்கமும் போவார். அங்கேயே தீர்மானம் எழுதினார்கள். ஆங்கில ஆசிரியை இருபத்து நான்கு நூல்களையும் படித்து, ஒவ்வொன்றிலும் மரணம் இல்லை எனத் தனித்தனியே சான்றளிக்க வேண்டும். சான்று பெற்றவை சீரில் வரும். பெறாதவை திரும்பிப் போகும்.

"திருப்பி ஏன் சார் அனுப்பணும்? சும்மா லைப்ரரில வெச்சுக்கலாமே?"

"சீர்ல வராத புக்கை ரிஜிஸ்டர்ல எப்பிடி மேடம் ஏத்துறது? சீர்னு வந்த பெட்டியாச்சே."

தலைவி என்னை நம்பி விட்டுவிடவில்லை. நான் நாலெழுத்துப் படித்தவள், ஏமாற்றிவிடுவேனாம். நான்கு நாள் சாயங்காலம் வெங்காயக் காட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து, எட்டாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "ம், சொல்லுங்க" என்பார். நான் ஒவ்வொரு புத்தகமாகத் தமிழில் கதை சொல்ல வேண்டும். எங்கேயோ ஒரு மொழியில் பிறந்து, இங்கிலீஷுக்கு வந்து, என் வாய் வழியாக வெங்காய வாசனைக்கு நடுவே போய் விழுந்தன அந்தக் கதைகள்.

முதலில் ஒரு டென்மார்க் புத்தகம். ஒரு வீட்டில் செல்லமாக வளர்த்த கோழியை ஞாயிற்றுக்கிழமை சமைத்துவிடுகிறார்கள். நான் சோர்ந்துபோய், "ஃபெயில்" என்று எழுதப் போனேன்.

"இருங்க டீச்சர். கோழி செத்தா அது சாவு இல்லீங்க, கொழம்பு."

பாஸ்.

அடுத்தது அந்தப் போலந்துத் தாத்தா. கதை தொடங்கும் முன்பே செத்துப்போனவர், எனவே தப்பித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எப்ப செத்தாராம்?"

"போன குளிர்காலத்துல."

"இப்ப கதைல என்ன காலம்?"

"வெயில் காலம்."

விரல்விட்டு எண்ணினார். "கருமாதி முடிஞ்சிருக்கும், தீட்டு இல்ல. ஆனா இன்னும் வருஷம் திரும்பலியே. தலைத் தெவசம் முடியாத வூட்டுலேருந்து யாராச்சும் சீர் எடுத்துட்டு வருவாங்களா?" அதுவும் சரிதானே என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றிவிட்டது. ஃபெயில்.

போர்ச்சுகல் புத்தகத்தில் கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. செத்தார் என்று எங்கேயும் எழுதவில்லை. நான் சொல்லி முடித்ததும் தலைவி காலில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டார்.

"பாஸ் போடுங்க" என்றார் பிறகு. "வரலன்னா செத்துட்டாருன்னு அர்த்தமா? எங்க வூட்டுக்காரரு துபாய் போயி ஆறு வருஷமாவுது."

பாஸ்.

ஸ்வீடன் புத்தகம் ஒன்றில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பனி. ஒரு குழந்தை தொலைந்த கையுறையைத் தேடுகிறது. கிடைக்கவில்லை. "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். "இதுக்கா பரிசு குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டுப் பாஸ் போட்டார். அப்பா ஒரு வீட்டிலும் அம்மா ஒரு வீட்டிலுமாக இருக்க, சனிக்கிழமைதோறும் பையன் பஸ்ஸில் போய் வருகிற கதையில் யாருமே சாகவில்லை. ஆனால், "அறுத்துக்கிட்டுப் போனவங்களை மங்கலம்னு எப்பிடிச் சொல்றது?" என்று ஃபெயில் ஆக்கினார்.

இருந்தாலும் அந்த ஐரோப்பாக்காரர்களுக்கும் கொஞ்சம் ஈவிரக்கம் வேண்டாமா? பாட்டி சாகிறாள், நாய் சாகிறது, பக்கத்து வீட்டுக் கிழவர் சாகிறார், ஒரு கதையில் கிணறே வற்றிச் செத்துப்போகிறது. எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது. அட்டையில் ஒரு முத்திரை இருந்தால் ஒரு சாவு. மூன்று முத்திரை என்றால் வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை. மூன்றாம் நாள், நான் நாய்க்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தலைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஃபெயிலு போடுங்க. போட்டுட்டு மீதியைச் சொல்லுங்க" என்றார்.

இதற்கு நடுவே என் வீட்டில் வேறொன்று நடந்தது.

என் கணவர் போய் அப்போது மூன்று வருஷம். ஆத்தூர் ரோட்டில் டீக்கடை வரைக்கும் பைக்கில் போனவர்மேல் ஒரு சிமெண்டு லாரி மோதிவிட்டது. ஹெல்மெட் வீட்டு வாசல் பக்கத்து ஆணியில் தொங்கியது. "போட்டுட்டுப் போங்க" என்று நான் சொன்னேன். "இந்தா இருக்கு கடை, இதுக்குப் போயி" என்றார். அவர்மேல் எனக்கு இருந்தது துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாதிக்கு மேல் கோபம். அந்த ஹெல்மெட்டை நான் எடுக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. என் மகள் அதைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்குக் கிளம்புவாள், அதன் பக்கம் திரும்பவே மாட்டாள். மூன்று வருஷத்தில் அப்பா என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. நான் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

பெட்டியிலிருந்த புத்தகங்களை எனக்குத் தெரியாமல் அவளும் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கையில் ஒன்றோடு வந்து நின்றாள். எஸ்தோனிய மொழியிலிருந்து வந்தது. ("அப்பிடி ஒரு நாடு இருக்கா மேடம்?" என்று ஹெச்.எம். கேட்ட புத்தகம்.) அதில் ஒரு சிறுமியின் அப்பா முதல் பக்கத்திலேயே இறந்துவிடுகிறார். மறுநாள் காலை அவருடைய கோட்டு ஆணியிலிருந்து தானாக இறங்கி, கதவைத் திறந்துகொண்டு வேலைக்குப் போகிறது. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கொடுக்கிறார். ஆபீசில் திட்டு வாங்குகிறது. சாயங்காலம் திரும்பி வந்து மாட்டிக்கொள்கிறது. ஊரில் ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை. கடைசியில் ஒரு மழை நாளில் அந்தப் பெண் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

"அம்மா" என்றாள் மகள். "அப்பா ஹெல்மெட்டு எங்கயாச்சும் போயிட்டு வருமா?"

தோசை தீய்ந்தது. தீயட்டும் என்று விட்டுவிட்டேன். "போயிட்டு வந்தாலும் வரும், யாரு கண்டா" என்றேன். அவள் சிரித்தாள். அந்தக் கோட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒளிச்சு வெக்காதம்மா. லைப்ரரில இருக்கணும். எங்க கிளாஸ்ல ஆறு பேருக்கு அப்பா இல்ல. யாருமே அதைப் பேச மாட்டோம்."

ஆகவே நான்காம் நாள் அந்தப் புத்தகத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடியாவது பாஸ் வாங்கிவிடுவது என்று போனேன். கதையை என்னால் முடிந்த அழகோடு சொன்னேன். ஹெச்.எம்.கூடக் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

தலைவி பெருமூச்சு விட்டார். "நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா அப்பா முதப் பக்கத்துலயே போயிட்டாருல்ல. ஃபெயிலுதான்."

எனக்கு வந்ததே கோபம். "ஏங்க, என் வூட்டுலயும் முதப் பக்கத்துலயே போயிட்டாரு. அப்ப நானும் ஃபெயிலா? என்னையும் பெட்டில போட்டுத் திருப்பி அனுப்பிடுவீங்களா?"

ஹெச்.எம். ஃபேனைப் பார்த்தார். ஃபேன் ஓடவில்லை. நான் அதோடு விடவில்லை. சீர் நாளுக்கான பணிப் பட்டியலை அவர் மேசையிலிருந்து உருவினேன். மற்ற ஆசிரியைகள் எல்லாரும் வாசலில் வரவேற்பு. என் பெயருக்கு நேராக, பள்ளியின் பின்பக்கம் நாற்காலிகளை எண்ணும் பணி. "இருக்குறதே நாப்பது நாற்காலி சார். அதை எண்ண ஒரு பி.ஏ., பி.எட். வேணுமா?"

தலைவி தரையைப் பார்த்து யோசித்தார். பிறகு வெங்காயத்துக்கு விலை சொல்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். "ஊர்வலத்துல புருசன் இல்லாதவங்களும் வருவாங்கல்ல டீச்சர், பின்னாடி நடந்து. வராதீங்கன்னு யாரும் சொல்றதில்ல, முன்னாடி வராதீங்கன்னுதான் சொல்றோம். அதே மாதிரி இந்தப் புக்குங்களும் பின்னாடி வரட்டும். பாஸானது முன்னாடி, ஃபெயிலானது பின்னாடி. பின்னாடி வரவங்களே தூக்கிட்டு வரட்டும்."

அதற்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஹெச்.எம். மட்டும் நிம்மதியாக எழுதிக்கொண்டார்: "மரணம் இல்லாத நூல்கள் முதல் வரிசை, மரணம் உள்ளவை இரண்டாம் வரிசை." பாஸானவை ஐந்து, ஃபெயிலானவை பத்தொன்பது. இரண்டுமே ஒற்றைப்படை என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாற்காலிகளை அவரே எண்ணிக்கொள்ளட்டும், நான் இரண்டாம் வரிசையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சீர் நாளன்று பத்தொன்பது தட்டுக்குப் பத்தொன்பது பெண்கள் கிடைப்பார்களா என்று சந்தேகமாக இருந்தது. வந்தவர்கள் என்னையும் சேர்த்து இருபத்து மூன்று பேர். இருபது வயசுப் பெண்ணிலிருந்து எழுபதைத் தாண்டியவர் வரை. பள்ளித் தட்டுகள் முன் வரிசைக்கே போய்விட்டதால் அவரவர் வீட்டுத் தட்டையே கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்குச் சீராக வந்த எவர்சில்வர் தட்டுகள். விளிம்பில் மணமகள் பெயரும் மணமகன் பெயரும் வெட்டியிருந்தன. அதன்மேல் பக்கத்துக்குப் பக்கம் ஆள் சாகிற பரிசுப் புத்தகங்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியம்மா தன் தட்டிலிருந்த புத்தகத்தைக் காட்டி, "இதுல யாரு போனது?" என்று கேட்டார். நாய் என்றேன். "அய்யோ பாவம்" என்று முந்தானையால் அட்டையைத் துடைத்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டார். என் தட்டில் கோட்டுப் புத்தகம்.

முன் வரிசையில் அரியலூரிலிருந்து வந்த பேண்டு செட்டு பிளந்து கட்டியது. அதன் பின்னால் தலைவியின் தட்டில் கோழிக்குழம்பு, இன்னொரு தட்டில் கிடைக்காத கையுறை. பின் வரிசைக்கு என்ன அடிப்பது என்று டிரம்காரருக்குத் தெரியவில்லை. "நீங்க ஒண்ணும் அடிக்க வேணாம், சும்மா நடங்க" என்று தலைவி அதட்டினார்.

தண்ணீர்த் தொட்டிக்கு வந்ததும் ஊர்வலம் நின்றது. இன்ஜினியருக்கு வீடியோ கால் போட வேண்டும், அந்த ஊரில் சிக்னல் தொட்டிக்குக் கீழே மட்டும்தான். ஹெச்.எம். போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் தன் முகத்தையே அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. நாய்ப் புத்தகப் பெரியம்மா, "இவங்க முடிக்க மாட்டாங்க. நாம சந்து வழியா போயி பள்ளிக்கொடத்து நெழல்ல நிப்போம்" என்றார். இருபத்து மூன்று பேரும் சந்துக்குள் நுழைந்தோம்.

சந்து நேராகப் பள்ளி வாசலில் கொண்டுவிட்டது. அங்கே எட்டாம் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். நடுவில் நின்றது என் மகள். வாசலில் இருந்த ஆசிரியைகள் எங்களைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருங்க, இது வேற வரிசை என்று ஒரு ஆசிரியை சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் மகள் தட்டைத் தூக்கிவிட்டாள்.

மூன்று சுற்று. சுற்றிவிட்டு விரலை ஆரத்தித் தண்ணீரில் தொட்டு ஒவ்வொருவர் நெற்றியிலும் வைத்துக்கொண்டே வந்தாள். பெரியம்மா, "எனக்கு வேணாம் சாமி" என்று முகத்தைத் திருப்பினார். இவள் போகவில்லை, விரலை நீட்டியபடியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு நெற்றியைக் கொடுத்தார். பிறகு நான். வெட்கமே இல்லாமல் அழுதேன். மற்ற இரண்டு பெண்களும் வழக்கப்படி ஆரத்தியை வாசலில் கொட்டிவிட்டு, என் தட்டில் இருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

அப்போதுதான் பேண்டு சத்தத்தோடு முன் வரிசை வந்து சேர்ந்தது. தலைவி கொட்டிக் கிடந்த ஆரத்தியைப் பார்த்தார். எங்கள் நெற்றிகளைப் பார்த்தார். ஊரே அவர் வாயைப் பார்த்தது.

"சரி விடுங்க" என்றார். "எடுத்தது எடுத்ததுதான், கொட்டுன ஆரத்தியை அள்ளவா முடியும்? அடியே, எங்களுக்குப் புதுசா கரைங்கடி, கை வலிக்குது."

தெரிந்துதான் செய்தாயா என்று பிறகு மகளிடம் கேட்டேன். "யாரு முன்னாடி வந்தாங்களோ அவங்களுக்கு எடுத்தேன்" என்றாள்.

அந்தப் புத்தகங்கள் லைப்ரரி பீரோவுக்கு வந்துவிட்டன. நான் கையெழுத்திட்ட ஐந்து புத்தகங்களையும் சீண்ட ஆளில்லை. மற்றதற்கு அடிதடி. "டீச்சர், ஃபெயிலான புக்கு இருக்கா?" என்றுதான் வந்து நிற்பார்கள். இங்கிலீஷ் புரியாத பக்கத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு படித்தார்கள். தலைவியே மகள் பெயரில் நாய்ப் புத்தகத்தை இரண்டு முறை எடுத்துப் போனார். கோட்டுப் புத்தகம் அந்த ஆறு பேர் வீட்டுக்கும் போய் வந்துவிட்டது, அட்டையில் இருந்த முத்திரை பாதி உரிந்துவிட்டது.

மழை பெய்த ஒரு திங்கட்கிழமை நான் என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். மகள் பின்னால் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்த்தால் முகம் தெரியவில்லை. அவர் ஹெல்மெட். தூசியோடு அப்படியே போட்டிருந்தாள், கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. வாசல் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன், ஆணி மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஏழு வேகத்தடை. முதல் வேகத்தடையில் அந்தப் பெரிய ஹெல்மெட் ஆடி என் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது. எனக்குள் மூன்று வருஷமாக இருந்தது அங்கே வெடித்துவிட்டது. "அன்னிக்கே போட்டுட்டுப் போயிருந்தா என்னய்யா கொறஞ்சா போயிருப்ப?" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினேன். இரண்டாவதில் டொக். "பக்கத்துலதான போறேன்னியே, எங்க போயிட்ட?" மூன்றாவதில் டொக். திட்டத் திட்ட அழுகை வந்து, குரல் இறங்கிவிட்டது.

பின்னாலிருந்து மகள் என் முதுகைத் தட்டினாள்.

"அம்மா, இன்னும் சத்தமா திட்டும்மா. ஹெல்மெட்டுக்குள்ள சரியா கேக்கல."